எல்லாத்துக்கும் காப்புரிமைன்னு ஒரே பேர் வெச்சா வர்ற வம்பு

பாட்டு யாருக்கு சொந்தம்னு சண்டை வந்தாலும் பேப்பர்ல காப்புரிமைன்னுதான் போடுறாங்க, புது மெஷின் கண்டுபிடிச்சாலும் காப்புரிமைன்னுதான் போடுறாங்க, குழப்பம் ஆரம்பிக்கறதே இங்கதான். பாட்டு, கதை, போட்டோ, சாஃப்ட்வேர் கோடு இதுக்கெல்லாம் இருக்கறது காப்பிரைட், அதாவது பதிப்புரிமை. எழுதின உடனே தானா வந்துரும், பதிவு பண்ணியே ஆகணும்னு இல்ல, கதை எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் இருக்கும். பேட்டண்ட், அதாவது புது கண்டுபிடிப்புக்கான உரிமை, அப்படி தானா வராது. விண்ணப்பம் போட்டு, ஆய்வு முடிஞ்சு, கிராண்ட் ஆனாத்தான், அதாவது ஆபீஸ் உரிமைய வழங்கினாத்தான் உண்டு, அதுவும் விண்ணப்ப தேதில இருந்து 20 வருஷம்தான், நடுவுல ரினியூவல் ஃபீஸ் கட்டாம விட்டா முன்னாடியே போயிரும். "மெஷின் டிராயிங்க காப்பிரைட் பண்ணிட்டேன், இனி யாரும் செய்ய முடியாது"ன்னு நம்பி இருக்கறவங்கள பாத்தா எனக்கு பதறுது, அந்த மெஷின் வேலை செய்யற விதத்த காப்பிரைட் காப்பாத்தாதுங்க.

அடுத்தது எங்க வீட்டுலயே நடந்தது. சித்தப்பா பையன் கோயம்புத்தூர்ல சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கான், சின்ன வெங்காயம் உரிக்க ஒரு மெஷின் செஞ்சான், உள்ள ரப்பர் விரல் மாதிரி வரிசையா இருக்கும், வெங்காயம் நசுங்காம தோல் மட்டும் கழண்டு வரும். சந்தோஷத்துல மூடியத் திறந்து அந்த ரப்பர் அமைப்ப கிட்டக்க காட்டி யூடியூப்ல ஒரு வீடியோ போட்டுட்டான், ஆர்டர் வர ஆரம்பிச்சப்புறம்தான் பேட்டண்டுக்கு போட்டான். ஆய்வறிக்கைல அவனோட அதே வீடியோவ தேதியோட காட்டி, இது ஏற்கனவே வெளில தெரிஞ்ச விஷயம், புதுமை இல்லன்னு ஆட்சேபம் வந்துச்சு. நம்மளே வெளியிட்டாலும் புதுமை போயிரும். மத்திய அரசு அறிவிச்ச கண்காட்சி மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, யூடியூப் வீடியோ அதுல வராது. முதல்ல விண்ணப்பம், அப்புறம் வீடியோ, இந்த வரிசைய மட்டும் மாத்திராதீங்க.

அவசரம்னா புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டு தேதிய பிடிச்சுக்கலாம். ஆனா புரொவிஷனல் பேட்டண்ட்னு ஒண்ணு கிடையாது, அது வெறும் விண்ணப்பம், 12 மாசத்துக்குள்ள கம்ப்ளீட் ஸ்பெசிபிகேஷன், அதாவது கண்டுபிடிப்போட முழு விளக்கம் போடலன்னா கைவிட்டதா ஆயிரும். அந்த முழு விளக்கத்துல கிளெய்ம்ஸ்னு, எதுக்கு உரிமை கேக்கறோம்னு சொல்ற ஒரு பகுதி வரும், பக்கம் பக்கமா விளக்கம் எழுதியிருந்தாலும் உங்க உரிமையோட எல்லை எதுன்னு அந்த வரிகள வெச்சுத்தான் முடிவாகும். அத ஏஜென்ட் எழுதிக் குடுத்தாலும் வரி வரியா படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

டிரேட்மார்க்லயும், அதாவது வணிகப் பேர், சின்னத்துக்கான உரிமைலயும் ஒண்ணு சொல்லணும். பேருக்குப் பக்கத்துல டிஎம்னு பதிவுக்கு முன்னாடியே போட்டுக்கலாம், ஆனா வட்டத்துக்குள்ள ஆர் போடறது பதிவு ஆனப்புறம்தான், பதிவாகாமலே போட்டா அது சட்டப்படி தப்பு, முன்னாடி ஜெயில் தண்டனை வரைக்கும் இருந்துச்சு, 2024ல இருந்து அபராதம். மதுரை மல்லிக்கு 2013ல கெடச்சது டிரேட்மார்க்கும் இல்ல பேட்டண்டும் இல்ல, ஒரு ஊரோட சிறப்பான பொருளுக்குக் குடுக்கற புவிசார் குறியீடு, அது தனி ஒருத்தரோட சொத்து கிடையாது.

கடைசியா, காலேஜ் பக்கம் "எங்க பேட்டண்ட் பப்ளிஷ் ஆயிருச்சு"ன்னு பேனர் வெக்கறாங்க. வாபஸ் வாங்காத விண்ணப்பம் எல்லாமே பொதுவா 18 மாசம் கழிச்சு பேட்டண்ட் ஆபீஸ் ஜர்னல்ல வந்துரும், கேட்டா அதுக்கு முன்னாடியே கூட வரும், பப்ளிஷ் ஆனதுக்கும் கிராண்ட் ஆனதுக்கும் சம்பந்தமே இல்ல. யாராவது பேட்டண்ட் இருக்குன்னு சொல்லி உங்ககிட்ட காசு கேட்டா விண்ணப்ப எண்ண வாங்கி, பேட்டண்ட் ஆபீஸோட இன்பாஸ் தளத்துல போட்டுப் பாருங்க, எந்த நிலைமைல இருக்குன்னு இலவசமாவே தெரிஞ்சுரும்.