“பைத்தான்தான் எளிது” என்று முடிவுகட்டும் முன்

அரைப்புள்ளி விட்டுப்போவது, அடைப்புக்குறியை மூட மறப்பது போன்றவற்றைக் கம்பைலரே (நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) முதல் நாளில் பிடித்துவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை. பழைய நிரல் மொழியையும் புதிய நிரல் மொழியையும் பக்கம்பக்கமாக வைத்து “எது எளிது?” என்று பார்க்கும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் வேறு. அங்கே எந்தக் கம்பைலரும் எச்சரிக்காது.

வரிகளை எண்ணுவது

‘ஹலோ வேர்ல்ட்’ அச்சிடப் பைத்தானில் ஒரு வரி போதும். வணிகக் கணக்குக்கான பழைய மொழியான கோபோலில், நிரலைப் பகுதி பிரிக்கும் டிவிஷன் தலைப்புகளோடு ஐந்தாறு வரி ஆகும். இதை வைத்தே பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஜாவாவில் ஐந்து வரி பிடித்த இதே வேலை, 2025-இல் வந்த ஜாவா 25-இல் கிளாஸ் அறிவிப்பே இல்லாமல் மூன்று வரியில் முடிகிறது. அதனால் ஜாவாவில் திரெட்டுகளை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) மேய்ப்பது ஒரு துளிகூடச் சுலபமாகிவிடவில்லை. ஒரு ஃபைலைத் திறந்து, பிழையான பதிவுகளை ஒதுக்கி, மொத்தம் போட்டு, வேறொரு ஃபைலில் எழுதும் வேலையை இரு மொழியிலும் செய்து பாருங்கள். வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

பழைய மொழியின் பழைய பதிப்பையே பிடித்துக்கொள்வது

அறிவியல் கணக்குக்கான பழைய மொழியான ஃபோர்ட்ரான் என்றதும் பலருக்கு நினைவு வருவது துளை அட்டைக் காலத்து விதிதான்: முதல் 5 இடம் லேபிளுக்கு, 6-ஆவது இடம் தொடர்ச்சிக் குறிக்கு, 7 முதல் 72 வரை கட்டளைக்கு. ஃபோர்ட்ரான் 90 அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதே பதிப்பிலிருந்து ஒரே அளவுள்ள இரண்டு அணிகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால், உறுப்புக்கு உறுப்பு கூட்டித் தருகிறது. பைத்தானின் சாதாரண லிஸ்டில் அதே குறி இரண்டையும் ஒட்டவைத்து ஒரே நீளமான லிஸ்டாக்கிவிடும். உறுப்புக்கு உறுப்பு எளிதாகக் கூட்டுவதற்கு நம்பை என்ற கூடுதல் நூலகம் வேண்டும்.

வயதைப் பார்க்காமல் ‘புதியது’ என்பது

பைத்தான் 1991, ஜாவா 1995. ‘புதியது’ எனப்படும் பைத்தான்தான் மூத்தது.

எண் எங்கும் எண்தான் என்று நம்புவது

அதிக விலை கொடுக்கவைக்கும் தவறு இதுதான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பார்க்கும்போது எரிச்சல் மூட்டுவதும் இதுதான். கோபோலில் இருக்கும் வட்டிக் கணக்கைப் பைத்தானுக்கு மாற்றச் சொல்கிறார்கள். நாற்பது வரி எட்டு வரியாகச் சுருங்குகிறது, படிக்க அழகாக இருக்கிறது. மாதக் கடைசியில் மொத்தம் பொருந்தவில்லை.

காரணம் இரண்டு. முதலாவது, சேமிக்கும் முறை. கோபோலில் 9(7)வி99 என்று அறிவித்த இடம் ஏழு இலக்க ரூபாயையும் இரண்டு இலக்கப் பைசாவையும் பத்தடிமானத்திலேயே துல்லியமாக வைத்துக்கொள்ளும். பைத்தானின் ஃப்ளோட் (தசம எண்ணுக்கு அது இயல்பாகப் பயன்படுத்தும் வகை) ஈரடிமானம். 2.675 அதற்குள் 2.67499999… என்றுதான் உட்காரும். இரண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.67 வரும். கோபோலில் கணக்கு வரியோடு ‘ரவுண்டட்’ என்ற சொல்லை எழுதினால் 2.68 வரும்.

இரண்டாவது, முழுமையாக்கும் விதி. 0.125 ஈரடிமானத்திலும் துல்லியமாகவே அடங்கும் எண். ஆனாலும் பைத்தான் 0.12 என்கிறது, கோபோல் 0.13 என்கிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். கோபோல் பூச்சியத்திலிருந்து விலக்கித் தள்ளும். ‘ரவுண்டட்’ எழுதப்படாத வரியிலோ கோபோல் மிச்ச இலக்கங்களை வெட்டி எறிந்துவிடும். 2.679 அங்கே 2.67தான். ஆக, ஒரே ஃபைலில் வரிக்கு வரி விதி மாறலாம்.

ஒரு பைசாதானே என்று விடுபவர்கள் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீட்டை நினைத்துப் பார்க்கட்டும். 1982-இல் 1000 புள்ளியில் தொடங்கிய குறியீடு, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று தசம இடத்துக்குப் பின்னால் இருந்ததை வெட்டினார்கள். 1983 நவம்பரில் அது 524-க்கு இறங்கியிருந்தது. கணக்கைத் திருத்தியதும் 1098-க்கு ஏறியது.

மாற்றும்போது முதலில் கோபோல் ஃபைலில் பண மதிப்பு வரும் ஒவ்வொரு கணக்கு வரியையும் பட்டியலிட்டு, அதில் ‘ரவுண்டட்’ இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பைத்தானில் பத்தடிமானத்திலேயே கணக்கிடும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். அதற்கு எண்ணைச் சரமாக, மேற்கோளுக்குள் கொடுங்கள். மேற்கோள் இல்லாமல் 0.1 கொடுத்தால் ஃப்ளோட்டின் அழுக்கு அப்படியே உள்ளே வந்துவிடும். ‘ரவுண்டட்’ உள்ள வரிக்கு ரவுண்ட் ஹாஃப் அப், இல்லாத வரிக்கு ரவுண்ட் டவுன் என்று விதியை வெளிப்படையாக எழுதுங்கள். டெசிமலும் இயல்பாக இரட்டைப்படைப் பக்கமே போகும்.

இவ்வளவும் செய்துவிட்டு, டேட்டாபேஸில் பணம் இருக்கும் நெடுவரிசையை ஃப்ளோட்டாகவே விட்டுவைப்பவர்கள் உண்டு. ஜேசான் (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம்) வழியாக வரும் தசம எண்ணையும் பைத்தான் தானாக ஃப்ளோட்டாக்கிவிடும். படிக்கும்போதே டெசிமலாக்கச் சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பைசாவை முழு எண்ணாக வைத்துக்கொள்வதே நல்லது. கடைசியாக, ஒரு முழு மாதத்து உள்ளீட்டைப் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி, பதிவுக்குப் பதிவு ஒப்பிடுங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால், கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டிப் பிழையை மறைத்துவிடும்.

எதிர்ம எண்ணின் வகுத்தல்

-7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் சி மொழியில் -3, பைத்தானின் இரட்டைச் சாய்கோட்டில் (//) -4. மாற்றி எழுதும்போது இந்த வரிகளைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.