சிம் ரூட்டர் வாங்குமுன் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்

எங்கள் ஊருக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. சிம் போடும் 4ஜி ரூட்டர்தான் வீட்டு இணையம். உங்களுக்கும் அதே நிலை என்றால், வாங்குமுன் இதைச் செய்யுங்கள்.

போடப்போகும் சிம்மை ஆண்ட்ராய்டு போனில் போட்டு, செட்டிங்ஸில் அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று தேடுங்கள். பெரும்பாலான போன்களில் சிக்னல் அளவு டிபிஎம் (dBm) என்ற அலகில், மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 நல்ல சிக்னல். மைனஸ் 110-க்குப் போனால் சிரமம். திரையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் ஜன்னலாக, மாடி வரை நடங்கள். கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் அலையை நன்றாகவே தடுக்கும். எங்கள் வீட்டில் நடு அறையில் திணறிய வீடியோ அழைப்பு, டவர் பக்கத்து மாடி ஜன்னலில் தடையில்லாமல் ஓடியது. ரூட்டருக்கு அதுதான் இடம். வைஃபை கீழே எட்டாவிட்டால் லேன் கேபிள் இழுத்துக்கொள்ளலாம்.

சிக்னல் நன்றாக இருந்தும் ராத்திரி மட்டும் வேகம் குறைந்தால் அது பெரும்பாலும் டவரில் நெரிசல்; ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துகிறார்கள். பெரிய டவுன்லோடுகளை விடியற்காலையில் போடுங்கள்.

அப்புறம், கரண்ட் அடிக்கடி போகும் ஊரென்றால் ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் அவசியம். அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதற்கேற்றதையே வாங்குங்கள்.