பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகள்: எண்ணிக்கையைக் கேட்டு வாங்குவது எப்படி?

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எத்தனை பேர் கைதானார்கள் என்று ஒரு கட்டுரைக்காக இரண்டு அலுவலகங்களிடம் கேட்டேன். வந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, நான்தான் கேள்வியைப் பிழையாகக் கேட்டிருந்தேன்.

முதலில் விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆர்டிஐ 01 படிவத்தை நிரப்பி அந்தந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் நான் பதிவுத்தபாலைத்தான் நம்புவேன். தபால் கந்தோரில் தரும் துண்டில் திகதி இருக்கும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அப்புறம், நான் சறுக்கிய இடம். ‘கைது’ என்பது ஒரே எண் அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, ஒருவரை அமைச்சர் தடுத்துவைக்கக்கூடிய உச்சக் காலம் 12 மாதம். முன்பு அது 18. ஆனால் அமைச்சரின் ஒரு தடுப்புக்காவல் கட்டளை அதிகபட்சம் 3 மாதத்துக்குத்தான். ஆக, முழு வருடமும் உள்ளே இருக்கும் ஒரே ஆள், கைதுப் பட்டியலில் 1, தடுப்புக்காவல் கட்டளைப் பட்டியலில் 4. கட்டளைகளைக் கூட்டி ‘இத்தனை பேர்’ என்று எழுதினால் கதை கந்தல். நான் எழுதவிருந்தேன், நல்லவேளை!

அதனால் இப்படிக் கேளுங்கள்: பொலிஸிடம் கைதானோர், பாதுகாப்பு அமைச்சிடம் தடுப்புக்காவல் கட்டளைகள், கொழும்பு புதுக்கடையில் சட்டமா அதிபர் திணைக்களத்திடம் குற்றப்பத்திரங்கள். மூன்றுக்கும் ஒரே திகதி எல்லை. ‘கட்டளைகளின் எண்ணிக்கையும் நபர்களின் எண்ணிக்கையும் தனித்தனியாக’ என்ற வரியை விடவேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு: இந்தச் சட்டத்தில் கைதானால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும். அங்கே எத்தனை அறிவிப்பு வந்தது என்றும் கேளுங்கள்.

முடிவைச் சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள். மறுத்தால் 14 நாளுக்குள் ஆர்டிஐ 10 படிவத்தில் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

பின்சேர்க்கை: ‘தேசிய பாதுகாப்பு’ என்று சொல்லி மறுத்துவிட்டார்கள் என வாசகர் இருவர் எழுதியிருந்தார்கள். அவர்கள் கேள்வியை வாங்கிப் பார்த்தேன், கைதானவர்களின் பெயர்களையும் கேட்டிருந்தார்கள். எண்களை மட்டும் கேளுங்கள். விண்ணப்பத்தின் அடியில் ‘பதிலைத் தமிழில் தரவும்’ என்றும் எழுதிவிடுங்கள். எனக்கு முதலில் வந்தது சிங்களத்தில், மாடிவீட்டு அங்கிள்தான் வாசித்துச் சொன்னார்.