நாயோடு புதுச்சேரி: விடியற்காலை இரண்டு மணி நேரத்தில் ஒரு பழைய ஊரை நடந்து பார்ப்பது எப்படி?

நாயைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போனால் டிக்கெட் கொடுக்கும் இடத்தோடு திரும்ப வேண்டியதுதான். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள், பராமரிப்பு வேலைக்கு அல்லாமல், எந்த விலங்கையும் கொண்டுவரக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. செஞ்சிக் கோட்டையிலும் இதே நிலைதான். காவலரிடம் வாதாடிப் பயனில்லை, அவர் செய்வது அவர் வேலை.

அதனால் நாய் வைத்திருப்பவர்கள் சின்னத்தைத் தேடாமல் தெருவைத் தேட வேண்டும். டிக்கெட்டும் மதில்கதவும் இல்லாமல், நடக்கிற வழியிலேயே வரலாறு நிற்கும் ஊர்கள் சில உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி, அதாவது ஊர்க்காரர்கள் வொயிட் டவுன் என்று சொல்லும் இடம், முதல்முறை போகிறவர்களுக்குப் பொருத்தமானது. நேர்கோட்டுத் தெருக்கள், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வாய்க்கால். வழி தவறவே முடியாது. சுற்று முழுவதும் இரண்டரை, மூன்று கிலோமீட்டர்தான்.

படி 1: இந்த நாய் போகலாமா?

நான்கு மாதம் ஆகாத குட்டி வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் நடப்பில் இருக்க வேண்டும். இப்போதுதான் முதல்முறை போடுகிறீர்கள் என்றால், கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரமாவது கழியட்டும். ஊசி போட்ட மறுநாளே கிளம்புவது போடாமல் போவதற்குச் சமம். லெப்டோவை லேசாக எண்ண வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் பரவும் நோய் அது. நீங்கள் போகப்போவது நடுவில் வாய்க்கால் ஓடும் ஊர்.

உண்ணி மருந்தைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முதுகில் ஊற்றும் வகை என்றால், ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள்.

பக், ஷிட்ஸு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குப் பாதித் தூரம் போதும். மூச்சுவிட்டுத்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அந்த வழியே இவற்றுக்குக் குறுகல்.

படி 2: இரண்டு வாரம் வீட்டருகே பழக்குங்கள்

பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம், இரண்டு விஷயம் வந்தால் போதும். ஒன்று, லீஷ் (நாயைப் பிடிக்கும் கயிறு) தொங்கலாக இருக்கும்படி பக்கத்திலேயே நடப்பது. நாய் இழுத்தால் நின்றுவிடுங்கள், லீஷ் தளர்ந்ததும் நடங்கள். அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஐந்து முறை நின்றுவிட்டு ஆறாவது முறை இழுத்த இழுப்புக்குப் போனால், விடாமல் இழுத்தால் காரியம் நடக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

இரண்டு, 'விடு' என்றால் வாயை எடுப்பது. மூடிய கைக்குள் பிஸ்கெட்டை வைத்து நீட்டுங்கள். முகர்ந்து, நக்கி, பிறாண்டிவிட்டு எப்போது மூக்கை விலக்குகிறதோ, அந்த நொடியில் மற்றக் கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம். சுற்றுலா ஊரின் தெருவோரத்தில் காலையில் கிடப்பதெல்லாம் முந்தின இரவு வீசிய கோழி எலும்பு. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இரண்டாவது வாரம் டீக்கடை, பூக்கடை, பள்ளி விடும் நேரம் என்று சத்தமான இடங்களில் பத்துப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். புல்லட் சத்தத்துக்கு நடுங்கும் நாயை விடுமுறைக் கூட்டத்துக்குள் கொண்டுபோவது அதற்குத் தண்டனை.

படி 3: பை

ஐந்து அல்லது ஆறு அடி நீளத்துக்குச் சாதாரண லீஷ். பொத்தானை அமுக்கினால் நீளும் வகை இங்கே ஆபத்து. குறுகிய தெருவில் பைக் வரும்போது நாய் இருபது அடி தள்ளி நின்றால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கழுத்துப் பட்டை மட்டும் போதாது, மார்பைச் சுற்றும் ஹார்னஸும் வேண்டும். பயந்த நாய் பின்னோக்கி நெளிந்து கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும்.

தண்ணீர்: சராசரியாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி, நடையென்றால் இன்னும் கூடும். இருபது கிலோ நாய்க்கு இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி குடிக்க, மீதி அவசரத்துக்கு மேலே ஊற்ற. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் கொடுங்கள். கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் அப்படியே வாந்தி எடுக்கும்.

மலம் அள்ளும் பை நாலைந்து, வேகவைத்த கோழி ஈரல் பட்டாணி அளவில் ஒரு கைப்பிடி, முள் எடுக்கும் சிறு இடுக்கி, சிறிய சோப்பு, தடுப்பூசி அட்டையின் படம் போனில். இவற்றோடு ஒரு மடக்குக் குடை. அது மழைக்கு இல்லை, ஏன் என்பது கீழே வரும்.

படி 4: போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நடுவில் ஒருமுறையாவது இறக்கி நடக்க விடுங்கள். ஹார்னஸைப் பின்சீட்டு பெல்ட்டோடு மாட்டுங்கள். டீ குடிக்கும் ஐந்து நிமிடம்தானே என்று பூட்டிய காரில் விடக் கூடாது. வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி வரை ஏறும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது.

ரயில் என்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு முழு கூபேயையோ கேபினையோ நீங்களே எடுத்தால்தான் நாய் உங்களோடு வரலாம். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டு. இருட்டும் இரைச்சலுமான அந்தக் கூண்டை முதல் பயணத்துக்கு யாருக்கும் சொல்ல மாட்டோம்.

தங்குமிடத்தில் 'நாய் வரலாமா' என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன அளவு வரை, அறைக்குள்ளா மொட்டை மாடியிலா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: நாளும் நேரமும்

டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை நல்லது. அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை, ஏப்ரலுக்குப் பின் அக்கினி. சனி, ஞாயிறு தவிர்த்து வாரநாளாகப் பாருங்கள். புத்தாண்டு இரவுப் பக்கமே போகாதீர்கள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. மாலையில் கூட்டம் நெரியும், தரையும் பகல் சூட்டை விட்டிருக்காது. எனவே காலை ஆறு மணி. எட்டு மணிக்கு அறைக்குள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நடங்கள்.

தரையைச் சோதிக்கப் புறங்கையை ஏழு நொடி வையுங்கள். எடுக்கத் தோன்றினால் நாய்க்கு அது அடுப்பு. தாரும் கருங்கல்லும்தான் முதலில் சுடும்.

படி 6: நடக்கும் வழி

கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் சிலை அருகே தொடங்குங்கள். முதலில் ஏதாவது மரத்தடியில் மூத்திரம் போக வைத்துவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வொயிட் டவுனின் பழைய சுவர்கள் செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசியவை. மூத்திரத்தின் உப்பு பூச்சுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகி, உள்ளிருந்தே பூச்சைத் தள்ளிப் பெயர்க்கும். அந்த மஞ்சள் சுவர்களின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காரை உதிர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். நிலத்து ஈரம் செய்வது பாதி என்றாலும் மீதிக்கு உங்கள் நாய் பங்களிக்க வேண்டாம். காலைத் தூக்கப் போகிறது என்றால் 'வா' என்று நடையை வேகமாக்குங்கள்.

வடக்கே நடந்தால் இடப்பக்கம் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகர மன்றம். பழையது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, இப்போது நிற்பது அதே வடிவில் திரும்பக் கட்டியது. மழை பிடித்தால் பழைய பால்கனிக்குக் கீழே ஒதுங்காதீர்கள். அடுத்து, செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் சூழ்ந்த காந்தி சிலை, 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1938-இல் திறந்த நினைவுச் சின்னம் எல்லாம் அருகருகே வரும். படம் எடுப்பதென்றால் ஒருவர் லீஷைப் பிடிக்க, இன்னொருவர் எடுக்கட்டும். லீஷைக் காலடியில் மிதித்துக்கொண்டு போனில் மூழ்கும்போதுதான் நாய்கள் நழுவுகின்றன.

கடல் பக்கத்துப் பாறைகளில் ஏற்றாதீர்கள். கற்களின் இடுக்கில் கால் சிக்கும், உள்ளே எலிகள் வேறு.

நினைவுச் சின்னத்துக்கு மேற்கே திரும்பினால் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவு. உள்ளே விடுவார்களா என்று வாயிலில் கேளுங்கள். இல்லையென்றால் ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் பார்த்துவிட்டு வரலாம். மணக்குள விநாயகர் கோயில் தெருவும் அரவிந்தர் ஆசிரமத்தின் வாசலும் காலையில் பக்தர் கூட்டம் உள்ள இடங்கள், நாயோடு தவிர்த்துவிடுங்கள்.

இங்கிருந்து தெற்கே திரும்ப ரோமன் ரோலண்ட் தெரு, துய்மா தெரு இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். இரண்டும் தெற்கு வடக்காக ஓடுபவை. காலை வெயில் கடலிலிருந்து கிழக்கு மேற்குத் தெருக்களில் நேராகப் பாயும். தெற்கு வடக்குத் தெருவில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவில் விழும். ஆகவே கடல் பக்கத்து ஓரமாகவே நடங்கள், ஏழரை மணிக்கும் தரை குளிர்ச்சியாக இருக்கும்.

இந்தத் தெருக்களில் ஒரு தொல்லை, காகிதப்பூ. மதில்மேல் அழகாக வழியும் அதன் கிளைகளை வெட்டும்போது முள் தெருவில் உதிர்கிறது. நன்றாக நடந்த நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் அதுதான். உட்கார வைத்து, பாதத்தின் மெத்தைகளை விரித்துப் பாருங்கள். முள் நடுமெத்தையில் இருப்பது குறைவு, விரல் இடுக்கில் அதிகம். குத்திய திசையிலேயே இடுக்கியால் நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் நுனி உள்ளே முறிந்து இரண்டு நாளில் சீழ் வைக்கும்.

துய்மா தெரு முடிவில், 1855-இல் கட்டிய தேவதூதர்களின் அன்னை ஆலயம். எதிரே சிறு தோட்டத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. அதோடு சுற்று முடிந்தது.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகளும், 1738-இல் துபாஷி (பிரெஞ்சுக்காரர்களின் மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை கட்டிய மாளிகையும் உண்டு. உண்மையில் அந்தப் பகுதிதான் சுவை அதிகம். ஆனால் சந்தையும் நெரிசலும் அங்கேதான். அதை மறுநாள் காலைக்கு வையுங்கள்.

படி 7: தெருநாய்கள்

பலர் பயணத்தைக் கைவிடுவது இதனால்தான். தெருநாய் குரைப்பது பெரும்பாலும் தன் எல்லையைச் சொல்வதற்கு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லைதான் ராஜ்ஜியம், அதைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

முப்பது அடி தூரத்தில் பார்த்ததுமே மறுபக்க ஓரத்துக்கு மாறுங்கள். நேருக்கு நேர் போகாமல் வளைந்து போங்கள். லீஷைக் குறுக்கிப் பிடித்தாலும் இறுக்காதீர்கள். லீஷ் விறைத்தால் உங்கள் பயம் நாய்க்கு இறங்கும். நீங்கள் நடுவில், நாய் சுவர்ப் பக்கம். ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும்.

நெருங்கி வந்தால் குடையை அவற்றை நோக்கிச் சட்டென்று விரியுங்கள். அடிப்பதற்கு அல்ல, திடீரென்று ஒரு சுவர் முளைத்தது போல இருக்கும். பெரும்பாலும் பின்வாங்கும். குடை சத்தத்துக்கு உங்கள் நாயே மிரளாமல் இருக்க, இதையும் வீட்டில் பழக்கியிருக்க வேண்டும்.

கடி விழுந்தால் நாய்க்கானாலும் உங்களுக்கானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து. மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே உங்களுக்கு அரசு மருத்துவமனையில் ஊசி, நாய்க்குக் கால்நடை மருத்துவர். முன்பே தடுப்பூசி போட்ட நாய்க்கும் கடிக்குப் பின் ஊசி தேவைப்படும்.

படி 8: சூடு தலைக்கேறினால்

நாக்கு நீண்டு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாகக் கயிறுபோல் வழிவது, ஈறு செங்கல் நிறமாவது, நடை தள்ளாடுவது. இவற்றில் இரண்டு தெரிந்தால் நடை அங்கேயே முடிந்தது. நிழலில் கிடத்தி, வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சிறிது நேரத்தில் அதுவே சூட்டை அடைத்துவைக்கும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் குடிக்கக் கொடுங்கள். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், சிறுநீரகக் கோளாறு அடுத்த நாள்தான் தெரியவரும்.

கூட்டம் ஒத்துவராத நாய்க்கு

தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் தரங்கம்பாடி. 1792-ஆம் ஆண்டு நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் 1701-இன் சீயோன் ஆலயம், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் 1718-ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் ஆலயம், கோடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. பத்து நிமிட நடைதான். கோட்டைக்குள் அருங்காட்சியகம் என்பதால் நாயோடு வெளியிலிருந்தே பாருங்கள். மணலில் இறங்கினால் லீஷ் கையிலேயே இருக்கட்டும். வலையில் விழுந்து மீனவர்கள் எறிந்துவிடும் பேத்தை மீன் கரையில் காய்ந்து கிடக்கும். அதில் நஞ்சு உண்டு, காய்ந்தாலும் போகாது. இரண்டு வாரம் பழக்கிய அந்த 'விடு' இங்கேதான் வேலைக்கு வரும்.