டிக்கெட்டில் உள்ள நேரத்தை நம்பிப் பயண நேரத்தைக் கணக்கிடாதீர்கள்

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர் பலர், டிக்கெட்டில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பாடு, அதே நாள் மாலை 7 மணிக்கு வருகை என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு குழம்பிப்போகிறார்கள். இரண்டும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். கோடைக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட 12½ மணி நேரம் பின்தங்கியிருப்பதால், கண்ணுக்குத் தெரியும் 5 மணி நேரத்துடன் அதையும் கூட்டினால் உண்மையான பயணம் 17½ மணி நேரம் என்று தெரியவரும். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பதால் அந்த வித்தியாசம் 13½ மணி நேரமாகிவிடும்; நம் நாட்டில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தூரத்தை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம். இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். அதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, விமானம் மேலேறவும் தரையிறங்கவும் ஒரு மணி நேரம் சேர்த்தால் சுமார் 16½ மணி நேரம் வரும். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது வீண் வேலை. பூமி உருண்டை என்பதால் மிகக் குறுகிய பாதை வடக்கே வளைந்து ஆர்க்டிக் பகுதி வழியாகச் செல்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்மட்டக் காற்று, செல்லும் திசையைப் பொறுத்து நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

இடையில் விமானம் மாறுவதாக இருந்தால், காத்திருக்கும் நேரத்தைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள். பெங்களூரின் அல்சூரிலிருந்து விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேரும் நேரத்தையும்தான்!