இரண்டு சர்வர் இருந்தும் சேவை படுத்துவிடுவது ஏன்?

ஒன்று விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்: ஹை அவைலபிலிட்டி கிளஸ்டரை இப்படித்தான் விளக்குவார்கள். எடுத்துக்கொள்வது சுலபம். முதல் சர்வர் உண்மையிலேயே விழுந்ததா என்று தெரிந்துகொள்வதில்தான் சிக்கல். பதில் வராத சர்வர் செத்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், லோடு தாங்காமல் திணறிக்கொண்டிருக்கலாம். அடுத்த நோடுக்கு, அதாவது கிளஸ்டரில் உள்ள மற்ற சர்வருக்கு, மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

லினக்ஸில் கிளஸ்டரை நடத்தும் பேஸ்மேக்கர், நோடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கோரோசிங்க் ஆகியவற்றைப் போடுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். சந்தேகத்துக்குரிய நோடை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஸ்டோனித்தை அமைக்காவிட்டால் பேஸ்மேக்கர் தன் பொறுப்பில் உள்ள எந்தச் சேவையையும் (ரிசோர்ஸ்) தொடங்காது. இணையத்தில் தேடினால் அதை அணைத்துவிடும் ஒற்றை வரி கிடைக்கும். போட்டதும் எல்லாம் ஓடும். சோதனைக்குச் சரி. நிஜத்தில் இணைப்பு அறுந்தால் இரண்டு நோடும் தன்னையே தலைவன் என்று நினைத்துக்கொள்ளும். பொதுவான டிஸ்கில் இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை இரண்டும் மவுன்ட் செய்தால் தரவு சிதைந்துவிடும். இதுதான் ஸ்பிளிட் பிரெயின். 'மற்ற நோடின் தலையில் சுடு' என்பதன் சுருக்கமே ஸ்டோனித். பெயர் கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் சந்தேகம் வந்தால் சுட்டுவிட்டுத்தான் பொறுப்பை எடுக்க வேண்டும்.

ஸ்டோனித் வைத்தவர்களும் ஓர் இடத்தில் மாட்டுவார்கள். இப்படிச் சுடுவதற்கு (ஃபென்சிங்) தொலைவிலிருந்து சர்வரை அணைக்க உதவும் அதன் ஐபிஎம்ஐயை மட்டும் நம்பினால், அந்த சர்வருக்கு மின்சாரம் முழுக்கப் போகும்போது ஐபிஎம்ஐயும் சேர்ந்து போய்விடும். சுட்டதற்கு உறுதி கிடைக்காமல் கிளஸ்டர் காத்துக்கொண்டே இருக்கும். ரேக்கில் உள்ள சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிடியூ வழியாக அதைத் துண்டிக்கும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும்.

அப்புறம் கோரம், அதாவது கிளஸ்டர் முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை. மூன்று நோடில் இரண்டு சேர்ந்தால் பெரும்பான்மை; நான்கில் மூன்று வேண்டும், ஆக நான்காவது நோடால் தாங்கும் சக்தி கூடுவதில்லை. இரண்டே நோடு என்றால் கோரோசிங்கின் 'டூ நோடு' அமைப்பில் தனித்து நிற்கும் நோடுக்கும் கோரம் உண்டு. பிரிந்த நொடியில் இரண்டும் ஒன்றையொன்று சுடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் சில விநாடி தாமதம் வையுங்கள், அல்லது மூன்றாம் இடத்தில் வாக்களிக்க மட்டும் ஒரு கியூடிவைஸ் வையுங்கள்.

அவசரப்பட்டு மாறுவதும் ஆபத்துதான். 2018 அக்டோபரில் மென்பொருள் கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் நெட்வொர்க் இணைப்பு 43 விநாடி அறுந்தது. தானியங்கி மென்பொருள் டேட்டாபேஸ் தலைமையை அமெரிக்காவின் மறு கரைக்கு மாற்றியது. ஆனால் பழைய பக்கத்தில் எழுதப்பட்ட சில பதிவுகள் மறு கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சரிசெய்ய 24 மணி நேரத்துக்கும் மேலானது.

சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி பார்ப்பது: கிளஸ்டர் பார்த்துக்கொள்ள வேண்டிய டேட்டாபேஸை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியிலும் எனேபிள் செய்து வைப்பது. பூட் ஆனதும் கிளஸ்டரைக் கேட்காமல் சிஸ்டம்டியே அதைத் தொடங்கிவிடும்.

சோதனையிலும் ஏமாற்றிக்கொள்கிறோம். ஒழுங்காக ரீபூட் செய்து பார்த்தால் கிளஸ்டர் எப்போதும் பாஸ்தான், ஏனென்றால் சர்வர் சொல்லிவிட்டுப் போகிறது. நிஜத்தில் எதுவும் சொல்லிவிட்டுப் போகாது. கெர்னலைக் கிராஷ் செய்யுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள், டிஸ்கை நிரப்புங்கள்.

டேட்டாபேஸை அப்கிரேட் செய்ய கையால் நிறுத்தினால் கிளஸ்டருக்கு அதுவும் ஒரு விபத்து. உடனே மறுபடி தொடங்கப் பார்க்கும். கிளஸ்டரை மெயின்டனன்ஸ் மோடில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை எது விழுந்தாலும் கிளஸ்டர் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.