பிக்கப்பின் பின்பக்கத்தை உயர்த்த வீட்டிலேயே பிளாக்
பிளாக் என்பது பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைக்கும் கட்டை. ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே உட்காரும் வண்டிக்கே இது பொருந்தும். கீழே இருந்தால் பிளாக் வண்டியைத் தாழ்த்திவிடும். 50 மி.மீ. உயரத்துக்கு ஒரே முழு இரும்புக் கட்டை எடுங்கள். மரமோ, அடுக்கிய தகடுகளோ வேண்டவே வேண்டாம், பாரத்தில் நசுங்கி நழுவும்.

கட்டையின் மேலே, ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை இறுக்கமாக உட்காரும் குழி, அடியில் அதே அளவில் முளை. முளை ஆக்ஸில் துளையில் ஆடினால் ஆக்ஸில் கோணி, வண்டி நேராக ஓடாது.

ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ-போல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள், ஒவ்வொரு காலும் 50 மி.மீ. கூடுதல் நீளத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்தால் நீளமானதாக மாற்றியே ஆகவேண்டும். முன் ஆக்ஸிலில் பிளாக் வைக்கவே வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும் வேகத்தில் பிதுங்கி வெளியே வரலாம்.